பன்னிரண்டு கைகள்

யுத்தம் தொடங்கின வருஷம் மார்கழியில், நான் பிழைக்க மாட்டேன் என்று எங்கள் ஊரே முடிவு கட்டிவிட்டது. நானும்தான். வலது விலாவில் வலி, விடாத காய்ச்சல். கஷாயத்துக்கும் அடங்கவில்லை, மந்திரிப்புக்கும் அடங்கவில்லை. மூன்று வயசு மகளைத் தூக்கக்கூடப் பலமில்லாமல் அழுதேன்.

"ஆறுமுகா, உனக்குப் பன்னெண்டு கை இருக்கே, எனக்குன்னு ஒண்ணை நீட்டக் கூடாதா?" என்று சாமியிடம் சண்டையே போட்டேன்.

என் வீட்டுக்காரர் பொம்மிடியில் ரயிலேற்றி, பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார். கும்பினிக்காரன் காலத்து ஆஸ்பத்திரி. டாக்டர் படிப்பும் அங்கேயே நடக்கும் என்று எனக்குத் தெரியாது. காய்ச்சலில் கட்டில் மிதந்தது. வெள்ளைச் சுவர்கள் மேகம்போல் நகர்ந்தன. கேழ்வரகுக் கொல்லையில் நின்றுகொண்டு மகள் என்னைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை கண் விழித்தால் கட்டிலைச் சுற்றி வெள்ளை உடுப்பில் ஆட்கள். எங்கள் பக்கத்தில் இப்படிச் சுற்றி நிற்பது கடைசிப் பால் ஊற்றத்தான். என் முறை வந்துவிட்டது என்று கண்ணை மூடி வாயைத் திறந்தேன். ஜுரம் பார்க்கும் கண்ணாடிக் குச்சியை வைத்தார்கள்!

அதை எடுத்ததும், "பால் ஊத்தலீங்களா?" என்றேன்.

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "இவங்க டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்கம்மா. உன்னைத் தொட்டுப் பார்த்துத்தான் கத்துக்கணும். சம்மதமா?"

"தொடட்டுங்க."

ஒவ்வொருவராக இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்கள். சில்லென்ற கை, நடுங்குகிற கை. கடைசியாக வந்த பெண் விலா இடுக்கில் ஒரு விரல் வைத்தாள். அலறிவிட்டேன்.

"சார், இங்கதான்!" என்றாள்.

பெரிய டாக்டரும் அங்கேயே தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஈரலில் சீழ் கட்டியிருந்ததாம். அன்றைக்கே பெரிய ஊசி குத்தி உறிஞ்சி எடுத்தார்கள்.

காய்ச்சல் இறங்கினபின் படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன். என்னைத் தொட்ட பிள்ளைகள் ஆறு பேர். அப்படியென்றால் கை எத்தனை? உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்று கேட்டேன், அத்தனையையும் அனுப்பியிருக்கிறான்.

என்ன ஜாதி என்று கேட்காமல் யாரிடமும் ஒரு வாய் தண்ணீர் வாங்காதவள் நான். அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. இப்போது மகள் என்னைவிட உயரம். கிருத்திகை தவறாமல் அவளோடு மலையேறுகிறேன்.

அன்பர்களே, அவனைக் கூப்பிடுங்கள், சண்டையும் போடுங்கள். உங்கள் கட்டிலைச் சுற்றி வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வந்து நின்றால், என்னைப்போல் வாயைத் திறக்காதீர்கள். வலிக்கிற இடத்தைக் காட்டுங்கள். தொடுவது அவன் கை.