இரண்டு வீட்டுச் சுண்ணாம்பு

தொண்ணூறுகளின் கடைசியில், தம்பிக்குப் பெண் பார்க்கப் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துக்குப் போனோம். பெண் பார்ப்பது பேருக்குத்தான். தம்பியும் அந்தப் பெண்ணும் கோயில் திருவிழாவிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். பெரியவர்கள் பலகாரம் சாப்பிடுவதுதான் பாக்கி.

அப்பாவுக்கு வாயில் வடை இருந்தாலும் பேச்சு நிற்காது.

"இந்தத் தோட்டம் எங்களுக்குப் புதுசில்லீங்க. எங்க பூட்டன் இங்க சில்லறைக் கங்காணியா இருந்தவரு. மயானத்துல அரளிச் செடிக்குப் பக்கத்துல சிமெந்துக் கல்லு இருக்கே, அவருதான். வருசா வருசம் தீவாளிக்கு முந்தி வந்து சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போவோம்."

பெண்ணின் அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது எங்க பூட்டனுங்க. நாங்க பொங்கலுக்கு அடிக்கிறோம்."

லயத்தின் வரிசை வீடுகளில் இருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரே பூட்டன் என்றால் பங்காளி. பங்காளி என்றால் அந்தப் பெண் தம்பிக்குத் தங்கை முறை. குலதெய்வத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், அதைக் கடலுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். இங்கே எல்லோருக்கும் முனியாண்டிதான்.

"அதான் போன வருசத்துச் சுண்ணாம்பு அழியாமயே இருந்துச்சா?" என்று அப்பா முணுமுணுத்தார். அதுவரை அதைத் தன் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

பெண்ணின் சித்திக்கு ஒரே குஷி. "அப்ப இவ இனிமே மாப்ளைய அண்ணேன்னு கூப்பிடணுமா?"

தம்பி கையில் இருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டான்.

உள்ளேயிருந்து பெண்ணே வந்தாள். "கல்லுல எழுத்து இருக்கும்லப்பா. சொரண்டிப் பாத்தா என்ன?"

"சரி, பாத்துருவோம். ஆனா நீ எங்க கெளம்புற? பொம்பளப்புள்ள மயானத்துக்கு..." என்று இழுத்தார் அவள் அப்பா.

"கட்டிக்கப் போறது நாந்தானே?"

கையில் பால்வெட்டுக் கத்தியோடு அவள் முன்னால் நடக்க, நாங்கள் மழைத் தூறலில் காலில் ஏறிய அட்டையைத் தட்டிக்கொண்டே பின்னால் போனோம்.

றப்பர் மரத்தில் பட்டை சீவுகிற மாதிரி, சுண்ணாம்பை மெல்லிசாகச் சீவினாள். "இது ஒங்க தீவாளி. இது எங்க பொங்கல்," என்று தம்பியிடம் மட்டும் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். முதலில் பூட்டனின் பெயர் வந்தது. இத்தனை வருடம் சுண்ணாம்பு அடித்தும், அன்றைக்குத்தான் அவர் பெயர் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. மரியாதையைப் பூசிப் பூசி ஆளையே மூடி வைத்திருந்தோம்.

அதற்குக் கீழே, கல் நாட்டியவர்கள் என்று இருந்தது. முதல் வரியில் மகன் என்று போட்டு, என் அப்பாவின் தாத்தா பெயர். அடுத்த வரியின் கடைசியில் பெண்ணின் அப்பாவுடைய தாத்தா பெயர் தெரிந்தது. அந்த வரியின் தொடக்கத்தில்தான் சுண்ணாம்பு கட்டியாக இருந்தது.

ஒரு ம வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தம்பி அரளிக் கிளையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்து ரு வந்தது.

"மருமகன்!" என்று பெண் கத்தியே விட்டாள்.

அப்படியென்றால் அவர்கள் பூட்டனின் மகள் வழி, நாங்கள் மகன் வழி. பங்காளி இல்லை, மாமன் மச்சான். அப்பா அந்தச் சேற்றிலேயே பெண்ணின் அப்பாவைக் கட்டிப்பிடித்து, "மச்சான்!" என்றார். வீட்டுக்குத் திரும்பியதும் சித்தி தம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மாப்ள, மொறைப்பொண்ணு இங்கயே இருக்கயில திருவிழாவுல போயா தேடுன? சுண்ணாம்பு வாளியோட வந்தப்பவே பாத்துருக்கலாம்ல?"

கல்யாணம் முடிந்து வந்த தீபாவளிக்கு முதல் நாள் இரண்டு வீடும் சேர்ந்தே மயானத்துக்குப் போனோம். அப்பா பழைய வேகத்தில் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தார். புது மருமகள் ஓடிவந்து கல்லின் எழுத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

"இதச் சுத்தி அடிங்க மாமா. எங்களுக்கும் புள்ள குட்டி வரும்ல."