இடக்கைக்கு ஒரு கேமரா

சிந்துஜா கேமராவைத் தலைகீழாகப் பிடித்துத்தான் படம் எடுப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் இவளுக்குக் கேமரா பிடிக்கவே தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் பக்கத்தில் வந்து, திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தவும் செய்வார்கள். அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தலைகீழாகவே எடுப்பாள்.

பத்தாவது படிக்கும்போது மாட்டுக்குத் தீவனம் வெட்டும் மிஷினில் வலது கையின் நான்கு விரல்களும் போய்விட்டன. கட்டை விரலும் உள்ளங்கையும் மட்டும் மிச்சம். அந்தக் கதையை அவள் யாரிடமும் நீட்டி முழக்குவதில்லை, நாமும் நீட்ட வேண்டாம். மிஷின் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. அதற்குக் கண்ணா இருக்கிறது, மூளையா இருக்கிறது? இரண்டும் இருக்கிறவர்கள் கேமரா செய்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

கடையில் போய் எந்தக் கேமராவை எடுத்துப் பார்த்தாலும் பிடியும் பட்டனும் வலது பக்கம்தான். வலது கை ஆள்காட்டி விரல் போய் உட்காருகிற இடத்தில் பட்டன். அந்த விரல் இல்லாதவள் என்ன செய்வாள்? கேமராவைக் கவிழ்த்தால் பிடி இடது பக்கம் வந்துவிடும். இடது கையால் பிடித்து, அடியில் கட்டை விரலை வைத்து அழுத்தலாம். படம் தலைகீழாகப் பதிவாகும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம். மேலே செருகுகிற பிளாஷ் கீழே தொங்கும் என்பதால் அதைக் கழற்றித் தனி ஸ்டாண்டில் வைத்தாள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருவண்ணாமலையைச் சுற்றி எத்தனையோ கல்யாண மேடைகளில் அவள் இப்படித்தான் ஏறி நின்றாள். படம் நன்றாகவே வந்தது. கோணலாக இருக்கிறது என்று ஒருவரும் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

அவள் வைத்திருந்த கேமராவின் கம்பெனிதான் ஒருநாள் ஆசையைக் கிளப்பிவிட்டது. கம்பெனியின் பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. அவர்களுக்கு இவளால் கிடைத்த இலவச விளம்பரம் போதும். வெளிநாட்டில் ஏதோ கண்காட்சியில் ஒரு மாதிரியை வைத்திருந்தார்கள். பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம், பட்டனும் கூடவே வரும். கணவன் மணிவேல் ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோவை நிறுத்திச் சவாரிக்குக் காத்திருந்தபோது போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சவாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். அடுத்த வருஷம் விற்பனைக்கு வருகிறது என்று போட்டிருந்தது. சிந்துஜா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடது பக்கத்தில் ஒரு பட்டன். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

அடுத்த வருஷம் வந்தது, போனது. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு, இன்னும் மெருகேற்றுகிறோம் என்றார்கள். பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சும்மா இருக்கவுமில்லை. தன் மூஞ்சியைத் தானே எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கேமரா விட்டார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று விட்டார்கள். ரோஸ் கலரில் ஒன்று விட்டார்கள். ரோஸ் கலருக்கு உதிரிப் பாகம் கிடைத்துவிட்டது பாருங்கள். சிந்துஜா கம்பெனிக்கு மெயில் எழுதினாள். உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம் என்று பதில் வந்தது. மதிக்கிறீர்கள் என்றால் எப்போது விடுவீர்கள் என்று கேட்டு எழுதினாள். அதற்கும் உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம் என்றே வந்தது.

அந்தக் கேமரா வராததால் அவளுக்கு என்ன போயிற்று என்பதை ஜோதியம்மாள் வீட்டுக் கல்யாணத்தில் தெரிந்துகொண்டாள். ஜோதியம்மாள் மாப்பிள்ளையின் தாய். தாலி கட்டி முடிந்த கையோடு படத்தைப் பார்க்க வேண்டும் என்று மேடையிலேயே வந்து நின்றாள். சிந்துஜா பொதுவாக அங்கேயே காட்டமாட்டாள். ஆல்பத்தில் பாருங்கள் என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவள் லைட் ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், கழுத்தில் தொங்கிய கேமராவை ஜோதியம்மாளே பிடித்துத் திரையைப் பார்த்துவிட்டாள். அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாக இருந்தார்கள். மாலை மேல்நோக்கித் தொங்கியது.

"தாலி கட்டுற நேரத்துல எம்புள்ளைய தலைகீழா நிறுத்திட்டியேம்மா," என்றாள் ஜோதியம்மாள். அவள் கத்தவில்லை. அதனால்தான் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

சிந்துஜா கேமராவைத் திருப்பிக் காட்டினாள். இப்படிப் பார்த்தால் நேராக இருக்கிறது, கம்ப்யூட்டரில் போட்டால் சரியாகிவிடும் என்றெல்லாம் விளக்கினாள். திருப்பிவிட்டால் நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா என்று கேட்டாள் ஜோதியம்மாள். நல்ல நேரத்தில் விழுந்த முதல் படமே கவிழ்ந்து விழுந்திருக்கிறது, இது குடும்பத்துக்கு ஆகுமா என்று கூட இருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இளவட்டங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் போனை நீட்ட, கட்டிய தாலியை மறுபடி கட்டுவதுபோல் மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஒரே மேடையில் இரண்டு தடவை தாலி கட்டுவது இவர்களுக்குச் சகுனக் கேடில்லையாம். சிந்துஜா லைட்டை மடக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

அதற்கப்புறம் ஊரில் அவளுக்குத் தலைகீழ்க்காரி என்று பெயராகிவிட்டது. முன்பெல்லாம் கேட்கிறவர்களிடம் அவள் நம்பரைக் கொடுத்துவந்த மண்டபத்துக்காரர்கள் கொடுப்பதை நிறுத்தினார்கள். கேமராவில் செருகித் தள்ளி நின்று அழுத்துகிற ஒயர் வைத்த பட்டன் இருக்கிறதே, அதை இடது கையில் வைத்துக்கொண்டு எடுக்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அப்படியானால் கேமராவை யார் பிடிப்பது, ஜோதியம்மாளா? ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கிற படத்துக்குத்தான் ஒயர் பட்டன் உதவும். கல்யாணத்தில் ஆட்கள் நின்ற இடத்திலேயா நிற்பார்கள்? வேறு வழியில்லாமல் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒடுக்கமான ஒரு கடையைப் பிடித்தாள். விண்ணப்பத்தில் ஒட்டுகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக் கொடுத்தாள். எதிரே வந்து உட்காருகிறவர் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருப்பார். ஓடி ஓடிப் படம் எடுத்துப் பழகியவளுக்கு அது ஜெயில் மாதிரி இருந்தது. அந்தக் கேமரா மட்டும் வரட்டும், எல்லாரையும்போல நேராகப் பிடித்து மேடையேறுகிறேன் பார் என்று மணிவேலிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இந்த நிலையில்தான் இளஞ்செழியன் வந்தான். அந்தக் கம்பெனியின் விற்பனை ஆள். போட்டோக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு லாட்ஜ் ஹாலில் கூட்டம் போட்டான். சிந்துஜா கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். பிடியைக் கழற்றி மாட்டுகிற மாடல் எங்கே என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அவன் பணிவாகத்தான் பேசினான். இப்போது எப்படி எடுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றான். அவள் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினாள். தோள் எப்படி வலிக்கிறது, கல்யாண வீடுகளில் என்ன பேச்சு வாங்குகிறாள் என்பதையும் சொன்னாள். அவன் அதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டான். மேலே அனுப்புகிறேன், இதைப் பார்த்தால் உடனே மாடலை விட்டுவிடுவார்கள் என்றான். அவள் நம்பினாள். கம்பெனி ஆள் ஒருவன் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீடியோ மேலே போனதோ என்னவோ, ஊரெல்லாம் போனது. அவள் பேசியதை வெட்டிவிட்டு, பின்னால் புல்லாங்குழல் போட்டு, எப்படிப் பிடித்தாலும் படம் எடுக்கும் எங்கள் கேமரா என்று எழுத்து ஓடவிட்டிருந்தார்கள். அவள் தலைகீழாகப் பிடித்திருப்பதை மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அக்கா நீங்க பெரிய இன்ஸ்பிரேஷன் என்று யார் யாரோ எழுதினார்கள். அதைப் பார்த்துவிட்டு, பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சொல்லியிருந்த ஒரு வீட்டார், தலைகீழ் விஷயம் இதுவரை தங்களுக்குத் தெரியாது என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டார்கள்.

"இந்தக் கேமரா எனக்கு ஆவலன்னு நான் சொன்னத, எனக்கு ஆவுதுன்னு காட்டிட்டாங்க," என்றாள் மணிவேலிடம். அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இளஞ்செழியனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நல்ல சேதி ஒன்று இருக்கிறது மேடம் என்றான். புது மாடல் வருகிறது. இந்த மாவட்டத்துக்கான வெளியீடு செங்கம் ரோட்டில் ஒரு மண்டபத்தில். நீங்கள்தான் சிறப்பு விருந்தினர். நீங்கள் காத்திருந்தது வந்தேவிட்டது என்று அடுக்கினான். பட்டன் எந்தப் பக்கம் என்று அவள் கேட்டாள். அது சஸ்பென்ஸ் என்றான். மணிவேல் அவன் பேச்சைக் கேட்டுப் போக வேண்டாம் என்றான். ஒருவேளை வந்திருந்தால் என்று அவள் கேட்டாள். அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஆசை ஜெயித்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் மாவட்டத்துப் போட்டோக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவளை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். தன்னம்பிக்கையின் சிகரம் என்றார்கள். வெல்வெட் துணி போர்த்திய மேசைக்கு முன்னால் அவளை நிறுத்தித் துணியை விலக்கச் சொன்னார்கள். விலக்கினாள். கறுப்பாக, அழகாகத்தான் இருந்தது. பிடி வலது பக்கம். பட்டனும் வலது பக்கம். கழற்றுவதற்கு ஏதாவது திருகு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிடியைக் கேமராவோடு சேர்த்து ஒட்ட வார்த்திருந்தார்கள். இடது பக்கம் ஒயர் செருகுகிற மூடி ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

இளஞ்செழியன் காதருகே குனிந்தான். "மேடம், எப்பவும் போல தலைகீழா பிடிச்சு நில்லுங்க. எல்லாரும் படம் எடுத்துப்பாங்க."

கீழே அத்தனை கேமராக்களும் அவளைப் பார்த்துத் தயாராக இருந்தன. சிந்துஜா சால்வையை உருவி மேசைமேல் போட்டாள். புதுக் கேமராவை எடுத்தாள். கவிழ்க்கவில்லை. கடையில் வாங்குகிறவர்கள் பிடிப்பதுபோல நேராகப் பிடித்தாள். இடது கை அடியில் தாங்கியது. வலது உள்ளங்கையைப் பிடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். விரல்கள் மடங்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பட்டன் அதற்கு மேலே, யாரும் தொடாமல், பளபளவென்று இருந்தது.

"நீங்க செஞ்சிருக்கிற மாதிரியேதான் பிடிச்சிருக்கேன்," என்றாள் மைக்கில். "எடுங்க."

ஒருவரும் எடுக்கவில்லை. தூக்கிய கேமராக்கள் தூக்கியபடியே இருந்தன. இளஞ்செழியன் சிரித்த முகத்தை மாற்றாமல், அப்படி வேண்டாம் மேடம், திருப்பிவிடுங்கள் என்று கெஞ்சினான்.

"நான் திருப்பினது போதும். இனிமே நீங்க திருப்புங்க," என்றாள்.

முதல் வரிசையில் ஒருவர் பட்டனை அழுத்தினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு மண்டபம் முழுக்க பிளாஷ் விழத் தொடங்கியது. இளஞ்செழியன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து மறைத்தான். சிந்துஜா கேமராவை அவன் தலைக்கு மேலே, விரலில்லாத கை நன்றாகத் தெரியும்படி, உயர்த்திப் பிடித்தாள்.