மூன்று போர்ஷன், இரண்டு வாடகை

என் மனைவியின் அக்கா முப்பது வருடம் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் வேண்டாம் என்றவர், பென்ஷனும் கிடையாது. இருக்க, அம்மா விட்டுப்போன ஓர் அறை உண்டு. வேலையை விட்டபோது வந்த மொத்தப் பணத்தையும் ஒரு வீட்டில் போட்டு, வாடகையில் காலம் தள்ள நினைத்தார். வீட்டு புரோக்கர் நான் இருக்கும்போது வெளியே யாரைத் தேடுவது?

மூன்று போர்ஷன் வீடு ஒன்று காட்டினேன். கையிலிருப்பதைக் கொடுத்தது போக, மீதிப் பத்து லட்சத்தை மாதம் பத்தாயிரமாக வாங்கிக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார்.

"போர்ஷனுக்கு எட்டாயிரம் வாடகை, அக்கா. தவணை போக மாசம் பதினாலாயிரம் உங்க கையில!" என்றேன். சொல்லும்போதே கமிஷன் இனித்தது.

அக்கா நேராக வீட்டுக்குள் போனார். குழாய் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். மொட்டை மாடியில் விரிசல் தேடினார். குடியிருப்பவர்களின் கதவைத் தட்டி, கடைசியாக எதற்கெல்லாம் ரிப்பேர் கேட்டீர்கள் என்று விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க கணக்குல யாரும் வீட்டக் காலி பண்றதே இல்ல தம்பி, மோட்டாரும் எரியிறதில்ல. எப்பவும் ஒரு போர்ஷன் காலின்னு வைங்க. வரி, ரிப்பேர், பெயின்ட்டுன்னு மாசம் மூவாயிரம் போகும். தவணையும் போக மிச்சம் மூவாயிரம். அதுல சாப்பிடவா, மாத்திரை வாங்கவா? நாலு லட்சம் குறைக்கச் சொல்லுங்க. தவணை ஆறாயிரமானா நான் சமாளிச்சுக்குவேன்."

"அவ்வளவு யாரு குறைப்பா? எதுனா ஆச்சுன்னா நாங்க இல்லையா அக்கா?"

"அதுக்குத்தான் குறைக்கச் சொல்றேன். உங்ககிட்ட வந்து கை நீட்டக் கூடாது."

சுருக்கென்றது. வீட்டுக்காரர் முடியவே முடியாது என்றார். அக்காவும் பிடித்த பிடியை விடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்தான். வேறு யாரும் வாங்க வராததால் நாலு மாதம் கழித்து வீட்டுக்காரரே இறங்கி வந்தார். கிரயம் முடிந்தது.

அடுத்த வருடமே மாடி போர்ஷன் காலியானது. இரண்டு மாதமாக ஆள் வரவில்லை. என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். கவரில் பணம் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா தலையில் துணி கட்டி, ஏணி மேல் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"இந்த மாசத் தவணைய நேத்தே கட்டிட்டேன் தம்பி. அதப் பாக்கெட்ல வெச்சுட்டு ஏணியப் பிடிங்க."

பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் பெயின்ட்.