மூன்றாவது கூப்பாடு

உச்சிப் பொழுதில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் ராமுத்தாய் உடனே வாயைத் திறக்கமாட்டாள். ஒன்று, இரண்டு என்று பொறுத்திருப்பாள். மூன்றாவது கூப்பாடும் வந்தால்தான் அது மனுசக் குரல் என்பது அவள் நம்பிக்கை. வேடசந்தூர்ப் பக்கம் இந்தப் பழக்கம் பல வீடுகளில் உண்டு. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ராமுத்தாய்க்குச் சிரிப்பு வராது. அவள் புருசன் நல்லுசாமி ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்தவன், “இந்தா வாரேன்” என்று யாருக்கோ பதில் சொல்லிவிட்டு எழுந்து போனான். கூப்பிட்ட குரல் எதுவும் அவள் காதில் விழவில்லை. பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதந்தான்.

அந்தக் கிணறும் அதைச் சுற்றியிருந்த முருங்கைத் தோட்டமும்தான் அவளுக்கும், மில்லுக்குப் போகும் மகள் சுகன்யாவுக்கும் மிச்சம். கருமாதி முடிந்த கையோடு நல்லுசாமியின் அண்ணன் பெருமாள்சாமி, தோட்டம் முழுக்கத் தனக்கே பாத்தியம் என்று கேஸ் போட்டார். எந்த ஊர்க் கோர்ட் என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கும் சம்மன் வரும்.

வாய்தா தவறாமல் போய் வந்தாள். அவள் சாட்சி சொல்லவேண்டிய அன்று பார்த்து வக்கீல், “பேரைக் கூப்பிட்டா உள்ள போயிருங்கம்மா, இந்தா வந்துர்றேன்” என்று வேறொரு கோர்ட்டுக்கு ஓடிவிட்டார். ராமுத்தாய் வேப்பமரத்தடியில் நின்றாள். வெயில் உச்சிக்கு ஏறியது. அதுவரை சந்தைக்கடையாக இரைந்த வளாகம் சட்டென்று அடங்கியது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“ராமுத்தாய்...”

வாசலைப் பார்த்தாள். ஆளைக் காணோம். குரலின் இழுவை மட்டும் அச்சு அசலாக நல்லுசாமியுடையது. இரண்டாவது தடவையும் அதே அடித்தொண்டை. மூன்றாவதுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது வரவேயில்லை.

பேர் கூப்பிடுகிற டவாலி ஞானதாஸ், கதவுக்கு உள்பக்கமே நின்று இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டு, மூன்று தடவை கூப்பிட்டும் பிரதிவாதி வரவில்லை என்று சொல்லிவிட்டார். தீர்ப்பு பெருமாள்சாமி பக்கம் போனது.

“மூணு தடவை கூப்பிடலைன்னு நிரூபிச்சா தீர்ப்பை மாத்தக் கேக்கலாம்மா. ஆனா டவாலி மேல யாரு புகார் குடுக்கிறது? நாளைக்கும் அந்த மூஞ்சியில தான நான் முழிக்கணும்?” என்றார் வக்கீல். அவர் பிழைப்பு அவருக்கு.

புகார் என்றால் அப்போது லேசுப்பட்ட காரியமில்லை. பத்திரத்தில் எழுதவேண்டும், முத்திரை வாங்கவேண்டும், நாலு மேசை ஏறி இறங்கவேண்டும். புகார்ப் பெட்டி என்று ஒன்று தொங்கத்தான் செய்தது, டவாலி நாற்காலிக்கு நேர் மேலே. சாவி யாரிடம் இருந்தது என்று நான் வேறு சொல்லவேண்டுமா?

பிறகு ஒரு நாள் கோர்ட் சுவரில் ஒரு நம்பர் ஏறியது. ஊழியர்மேல் குறையிருந்தால் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பலாம், பத்திரம் வேண்டாம், வக்கீல் வேண்டாம் என்று எழுதியிருந்தது. சுகன்யா அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இதை அமுக்கிக்கிட்டே பேசும்மா. அம்புட்டுதான்.”

ராமுத்தாய் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று நடந்ததை நடந்தபடி பேசினாள். அனுப்புவதற்கு முன் சுகன்யா போட்டுக் கேட்டாள். அம்மாவின் பேச்சு கணீரென்று இருந்தது. பேச்சு நின்ற பிறகு, ஆழத்திலிருந்து யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

“காத்தா இருக்கும்,” என்றாள் சுகன்யா. முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. இருந்தாலும் அனுப்பினார்கள்.

விசாரணைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. வெளியூர் நீதிபதி ஒருவர் வந்து விசாரிப்பாராம். புகார் ஞானதாஸ் மேல். வாசலில் நின்று புகார்தாரரைக் கூப்பிடவேண்டியவரும் அதே ஞானதாஸ்தான். மற்ற டவாலி லீவாம். சர்க்கார் வேலையின் அழகே அழகு.

“இந்தத் தடவை மொதக் கூப்பாட்டுக்கே எந்திரிச்சிரும்மா. இதையும் விட்டா தோட்டம் போச்சு,” என்றாள் சுகன்யா.

“ஒங்கப்பன் போனது மறந்துருச்சா?”

“மறக்கல. அதுக்காக அந்தாளு முணுமுணுத்தே நம்மளைத் தெருவுல விடணுமா?”

மறுபடி அதே உச்சிப் பொழுது. வராந்தா பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் ராமுத்தாய். வெளியே காக்கைச் சத்தம்கூட இல்லை.

“ராமுத்தாய்...”

அதே இழுவை. கை தானாகப் போய் வாயைப் பொத்தியது. வெறுங்கையோடு வீடு திரும்பும் மகளை நினைத்தாள். கையை எடுத்தாள்.

“இருக்கேங்கய்யா! வந்துட்டேன்!” என்று எழுந்து நின்றாள்.

கதவருகே ஞானதாஸ் தண்ணீர் டம்ளரும் கையுமாக நின்றிருந்தார். “ஏம்மா, நான் இன்னும் கூப்பிடவே இல்லையே,” என்றார். சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது.

ராமுத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்று சுகன்யா மெல்லத் தலையாட்டினாள்.

நல்லுசாமியும் இப்படித்தான் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனான். தானும் செத்துவிடுவோம் என்ற பயம்தான் அவளுக்கு. சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கூப்பிட்டது யாரா இருந்தாலும் செத்த நேரம் பொறுக்கட்டும்,” என்றாள். “உள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வாரேன்.”