இடது கை மட்டும் நீளம்

தெருவில் அவளுக்கு ஊசி என்றுதான் பேர். உடம்பும் அப்படி, வாயும் அப்படி. முப்பது வருஷமாக ஒற்றை அறையில் தையல் கடை. அவள் தைத்ததில் குறை சொன்னவர்கள் குறைவு; சொன்னவர்களை மறுபடி படியேற விட்டதில்லை.

மிஷினுக்குப் பின்னால் திரை மறைவில் அவள் அக்கா உட்கார்ந்து பித்தான் தைப்பாள். அந்த அக்கா ஒரு காலத்தில் பேர்போன வயலின்காரன் ஒருத்தனோடு ஏழு வருஷம் குடித்தனம் செய்தவள். அவன் செத்ததும் ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. இப்போது அவனுடைய காதலைப் படமாக வேறு எடுக்கிறார்களாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

படத்துக்கு உடை பார்க்கிற ஆள் ஒரு நாள் கடைக்கு வந்தான். முதலில் செண்டு வாசனை வந்தது, பிறகுதான் ஆள் வந்தான். கையில் பழைய போட்டோ. வயலின்காரன் வாசிக்கிறான், பக்கத்தில் அக்கா நிற்கிறாள்.

"இந்த அம்மா போட்டிருக்கிற சட்டை நீங்க தைச்சதுதானே? இடது கை மணிக்கட்டு வரைக்கும் இறங்குது, வலது கை முழங்கையோட நின்னுடுது. அந்தக் காலத்துலயே என்னா ஸ்டைல்! இதே மாதிரி பன்னிரண்டு வேணும்."

"ஸ்டைலா?"

"அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்னு கதையில வெச்சிருக்கோம். ஒரு பாட்டு வருது. அந்தம்மாவோட சட்டைக் கையை மெல்ல மடிச்சு மடிச்சு, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு முத்தம் கொடுப்பாரு."

ஊசி மிஷினை நிறுத்தினாள். பிடித்ததாம்! வயலின்காரன் கையால் அடிக்கமாட்டான். விரலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கச்சேரி என்ன ஆவது? அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தைத்தான் தூக்குவான். அப்படி வெந்துபோன அக்காவின் இடது கையை மறைக்கத்தான் அன்றைக்கு ஊசி அந்தச் சட்டையைத் தைத்தாள். இருந்தது துண்டுத் துணி. இரண்டு கைக்கும் நீளம் வரவில்லை. மறைக்க வேண்டிய கைக்குக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அக்கா அன்றே சொல்லியிருந்தாள். சொன்னால் அக்காவின் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கொப்புளத்துக்கு ஊரறிய முத்தம் கொடுப்பார்கள்.

திரை விலகியது. அக்கா வந்து, சட்டைக் கையைத் தோள் வரை ஏற்றினாள்.

"நல்லா பாத்துக்கோ தம்பி. உங்க ஸ்டைல் இதுதான். கொதிக்கிற தண்ணி, அவரு ஊத்துனது."

உரித்துப் போட்ட தோல் மாதிரி சுருங்கி மினுமினுத்தது கை.

"ஐயோ, பாவமா இருக்கும்மா. ஆனா இது காதல் படம். ஜனங்க அழுதாலும் சந்தோஷமா வீட்டுக்குப் போகணும் பாருங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அளவு மட்டும் சொல்லிடுங்களேன்?" என்றான்.

"அளவா? உன் நாக்கு நீளத்துக்கு வெட்டிக்கோ, சரியா வரும்! இறங்குடா கீழே!" என்று ஊசி படியைக் காட்டினாள்.

வேறு யாரோ தைத்துக் கொடுத்தார்கள். படம் ஓடு ஓடு என்று ஓடியது. ரோட்டுக்கு எதிர்ச் சுவர் முழுக்க போஸ்டரில் வயலின்காரன் மூஞ்சி. சின்னப் பெண்களெல்லாம் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று திரிந்தார்கள். கேட்டு வந்தவர்களையெல்லாம் ஊசி விரட்டினாள். பாதி வாடிக்கை போனது; போகட்டும் என்றாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, பல வருஷப் பழக்கம், அவளும் துணியோடு வந்தாள்.

"ஊசிக்கா, எனக்கும் அந்தப் படச் சட்டை ஒண்ணு."

ஊசி வாயைத் திறக்குமுன் அக்கா எழுந்து வந்து கையைக் காட்டினாள். நர்ஸ் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தினமும் பார்க்கிறவளுக்குச் சொல்லவா வேண்டும்?

"வெந்நீர். தானா கொட்டினதில்லையே இது. யாரு ஊத்தினது?"

அக்கா எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

நர்ஸுக்கு முகம் கோணிப்போனது. "ரெண்டு தடவை பாத்துட்டு அழுதேனேக்கா, சீ!" என்று வாசலுக்குப் போய்க் காறினாள்.

"ஏய், ஏய், இரு!" என்றாள் அக்கா. "வாசலை இப்பத்தான் கழுவினேன். ரோட்டைத் தாண்டிப் போய் அவன் மூஞ்சியில துப்பு."