அட்டைக்கு ஒரு முகம்

அழகி தன் தம்பியைப் பற்றிய புத்தகத்தைச் செல்போனிலேயே எழுதி முடித்தாள். அவள் கிராம சுகாதாரச் செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அறந்தாங்கிக்குக் கிழக்கே உள்ள ஊர்களுக்குப் போய்வருவது வேலை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து சேரும்வரையிலும், கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதியது.

தம்பி செம்மல் சவூதிக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போனவன். முதலில் வாரம் தவறாமல் பேசினான். பிறகு ஒரு நாள் அவன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கூட வேலை பார்த்தவர்கள், அவன் வேறு முதலாளியிடம் மாறிப் பாலைவனத்துக்குள் தூரமாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. அழகி மனுக்கள் கொடுத்தாள். லீவில் ஊருக்கு வந்தவர்களை வீடு தேடிப் போய் விசாரித்தாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு அவள் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. செம்மல் இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

இல்லை என்றுதான் அவள் மனதில் விழுந்துவிட்டது. எப்போது அப்படி ஆனது என்று அவளுக்கே தெரியாது. பெற்ற ஆத்தாவிடம் மட்டும் அதைச் சொன்னதில்லை. புத்தகத்தில் எழுதினாள். ஆத்தா மருதாயிக்கு எழுத்துத் தெரியாது என்பதால், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே "என் தம்பி இனி வரமாட்டான்" என்று எழுத முடிந்தது. "யாருக்கும்மா இம்புட்டு நேரமா மெசேஜ் போடுறே?" என்று ஆத்தா கேட்பாள். "ஆபீஸுக்கு ரிப்போர்ட்டு" என்பாள் இவள்.

இணையத்தில் நாமே புத்தகம் போடலாம், பதிப்பகம் தேவையில்லை என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லியிருந்தார். எழுதியதை ஏற்றுவது சுலபமாகவே முடிந்தது. அடுத்த பக்கம் அட்டைப்படத்தைக் கேட்டது. அப்படி ஒன்று வேண்டும் என்பதை அவள் யோசித்திருக்கவே இல்லை.

வீட்டில் செம்மலின் போட்டோ இல்லை. கஜா புயல் கூரை ஓட்டைப் பிரித்துப்போட்டபோது ஆல்பம் முழுக்க நனைந்தது. முகங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தன. மிஞ்சியது சொந்தக்காரர் வாட்ஸப் குரூப்பில் கிடந்த ஒரு கல்யாணப் படம். பந்தியில் சாம்பார் வாளியோடு அவன் லேசாகக் குனிந்து நிற்கிறான். முகம் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். அந்தத் தளம் அதை ஏற்கவில்லை. படம் மிகச் சிறியது என்று திருப்பி அனுப்பியது.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாகராசு பிளெக்ஸ் கடை வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைவேலைதான். அழகி போய் விஷயத்தைச் சொன்னாள்.

"பெருசு பண்ணுனா கட்டம் கட்டமா ஒடையுது சிஸ்டர்," என்றார் அவர் திரையைக் காட்டி. "முகத்த விட்ருவோம். பாலைவனம், ஒரு ஒட்டகம், சூரியன் எறங்குது, ஒரு ஆளு முதுகக் காட்டிட்டு நடந்து போறாரு. பாக்க எடுப்பா இருக்கும்."

"அவன் ஒட்டகத்தப் பாத்தானோ என்னமோண்ணே. லாரியில்ல ஓட்டப் போனான்."

அவர் தென்னந்தோப்பு வைத்துப் பார்த்தார். பிறகு விமானம். அழகிக்கு எதுவும் பிடிக்கவில்லை. அவன் முகம்தான் வேண்டும் என்றாள். நாகராசு மவுஸை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. வெளக்கு, மாலை எல்லாம் வைக்கணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா அதுக்குத் தக்கன கலர் வைப்பேன்."

இத்தனை பக்கம் எழுதியவள் திரையிலிருந்த பந்திப் படத்தைப் பார்த்தாள். "சும்மா படம் மட்டும் வைங்கண்ணே," என்றாள் கடைசியில்.

"அப்ப ஏஐ-ல குடுத்துப் பாப்போம். தொடச்சு வச்ச மாதிரி ஆக்கிக் குடுத்துரும்."

சிறிது நேரத்தில் திரையில் ஒரு முகம் வந்தது. தெளிவான முகம். சிவந்த தோல், ஒட்ட வெட்டிய தாடி, வரிசைப் பற்கள். செம்மலுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து உண்டு. தாடி அவன் வைத்ததே இல்லை.

"இது யாருண்ணே?"

"ஒங்க தம்பிதான் சிஸ்டர். அந்தப் படத்துலேர்ந்துதான எடுத்துருக்கு."

மறுபடி செய்யச் சொன்னாள். வேறொருத்தன் வந்தான். இன்னொரு முறை, இன்னொருத்தன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும், சைக்கிளிலிருந்து விழுந்தது என்று சொன்னாள். நாகராசு முதலில் வந்த முகத்தை எடுத்துப் பொறுமையாகத் தழும்பைத் தானே வரைந்து வைத்தார். இப்போது முன்பின் தெரியாத ஒருவன் அவள் தம்பியின் தழும்போடு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வாட்ஸப்புல அனுப்பிருக்கேன். வீட்டுல நிதானமா பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து, படம் திறந்தபடி இருந்த போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். திரும்பும்போது, ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டு, ஆத்தா ஆபரேஷன் செய்திருந்த கண்ணுக்கு நேராகப் போனைப் பிடித்திருந்தாள்.

"அழகி, இங்கிட்டு வா. தம்பி படம் அனுப்பிருக்கான்."

அழகி ஈரக் கையைப் போனுக்கு நீட்டினாள். ஆத்தா விடவில்லை.

"எப்புடிச் செவந்து போயிட்டான் பாரு. வெயில்ல வேலை இல்ல போல. இந்தத் தாடிதான் எதுக்குன்னு தெரியல."

"ஆத்தா, அது அவன் இல்ல. கடையில கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"எல்லாரும் கம்ப்யூட்டர்லதான அனுப்புறாங்க." ஆத்தாவின் விரல் அந்தத் தழும்பின் மேல் இருந்தது. "இந்தா இருக்குல்ல, சைக்கிள்ல விழுந்தது. பெத்தவளுக்குத் தெரியாதா? என்ன சொன்னான்? எங்க இருக்கானாம்?"

படத்தை விளக்க வேண்டுமானால் அட்டையைச் சொல்ல வேண்டும். அட்டையைச் சொன்னால் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்பாள். அந்தப் புத்தகத்தில் ஆத்தாவால் படிக்க முடிந்தது அட்டை ஒன்றுதான் என்பது அழகிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தாள். "சாப்டியா ஆத்தா?" என்ற கேள்விதான் வந்தது.

சாயங்காலம் ஆத்தா போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அமுதவல்லியிடம் போனாள். அழகி பின்னாலேயே ஓடினாள். அமுதவல்லிக்கு செம்மலைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். படத்தைப் பார்த்தாள், ஆத்தாவின் தலைக்கு மேலாக அழகியைப் பார்த்தாள். அழகி தலையை லேசாக ஆட்டினாள், இது அவன் இல்லை என்று. அமுதவல்லி அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, "நல்லா இருக்கான்த்தா. ஒடம்பு பூசுன மாதிரி இருக்கு," என்றாள். ஆத்தா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை காலமும் அவள் யார் எதிரிலும் அழுததில்லை. அதற்குப் பிறகு யாராலும் எதையும் திருத்திச் சொல்ல முடியவில்லை.

இரண்டொரு நாள் கழித்து அழகி கடைக்குப் போய், அந்தப் படத்தை அழித்துவிடும்படி சொன்னாள்.

"அழிச்சுரலாம் சிஸ்டர். ஆனா காலையிலதான் ஒங்க பக்கத்து வீட்டம்மா வாட்ஸப்புல கடை பேரப் பாத்துட்டு வந்து பெருசா பிரிண்டு போட்டு பிரேம் மாட்டி வாங்கிட்டுப் போனாங்க. அம்மா கேட்டாங்கன்னு சொன்னாங்க. நீங்கதான் அனுப்புனீங்கன்னு நெனச்சேன்."

அவர் மேல் என்ன தப்பு? அமுதவல்லி மேல்தான் என்ன தப்பு? அழகி வீடு வந்தபோது டிவிக்கு மேலே அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆத்தா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அழகி அந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் அட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். சாம்பல் நிறம், நடுவில் 'செம்மல்' என்ற எழுத்து, கீழே அவள் பெயர். வேறொன்றும் இல்லை. புத்தகம் வெளியானது. நாலைந்து பேர் படித்தார்கள். ஒருவர் எழுத்துப்பிழைகளைச் சுட்டிக்காட்டினார். இராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் நீளமாக எழுதியிருந்தாள். அவள் கணவரும் சவூதியில்தான் லாரி ஓட்டுகிறாராம். ஆஸ்பத்திரி, ஜெயில் எல்லாம் போய் விசாரிக்கும் நம்ம ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்களாம். "அட்டையிலாவது அவர் படம் இருக்கும் என்று பார்த்தேன் அக்கா. ஒரு போட்டோ அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தாள்.

அழகி கல்யாணப் படத்தை அனுப்பினாள். பதில் உடனே வந்தது. "முகமே தெரியவில்லையே அக்கா. வேறு இல்லையா?"

அழகி நிமிர்ந்து டிவிக்கு மேலே பார்த்தாள். அதை அனுப்பினால் அவர்கள் ஊர் ஊராக அந்த முகத்தைத் தேடுவார்கள். கண்ணை மூடி உண்மையான முகத்தை நினைத்துப் பார்த்தாள். எழுத்திலாவது அடையாளம் சொல்லலாம் என்று. பல் சந்து நினைவுக்கு வந்தது. குரல் வந்தது. சாம்பார் வாளியைப் பிடித்திருக்கும் கை வந்தது. முகம் வர வேண்டிய இடத்தில் அந்தத் தாடிக்காரன்தான் வந்தான்.

உள்ளே ஆத்தா அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. "வேறு படம் இல்லைங்க" என்று தட்டி அனுப்பிவிட்டு, அழகி போனைக் கவிழ்த்து வைத்தாள்.