வேம்புலியம்மாள் சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை

பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது கோலடி ஏரிக்கரையில் குடியிருந்த வேம்புலியம்மாளைப் பற்றி. அவள் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை, எந்த ஜெயிலுக்கும் போனதில்லை. ஒரு நாள் நடுப்பகலில் வாசலில் உட்கார்ந்து சோறு தின்றாள், அவ்வளவுதான். அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

வெள்ளைக்காரன் சர்க்கார் நடந்த காலம். ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு என்ன கொடுத்து வளர்க்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய டாக்டர் ஹபிபுல்லா பூந்தமல்லியில் வந்து தங்கியிருந்தார். வேற்று ஆண்பிள்ளையை எந்த வீட்டில் அடுப்பங்கரைக்குள் விடுவார்கள்? அதனால் நர்ஸ் வேலையில் இருந்த என்னைத் தராசும் கையுமாக அனுப்பினார். சமைப்பதற்கு முன் எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும். சமைத்த பிறகு யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்றும் நிறுக்க வேண்டும்.

போன வீட்டிலெல்லாம் ஒரே கதைதான். புருஷன் சாப்பிட்டது தெரியும், பிள்ளை சாப்பிட்டது தெரியும். “நீ இன்னா சாப்ட்டே?” என்று கேட்டால், “எதுனா கீறத துன்னுக்குவேன்” என்பார்கள், இருப்பதில் எதையாவது என்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ‘எதுனா’வை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

வேம்புலியம்மாள் இதில் எல்லோரையும் மிஞ்சினவள். நெற்குன்றத்தில் பிறந்து, துலுக்கானத்துக்கு வாக்கப்பட்டுக் கோலடிக்கு வந்தவள். நடவுக்கு இறங்கினால் மற்றவர்கள் பாதி வயல் தாண்டும்போது இவள் அந்தக் கரையில் ஏறி நின்றுகொண்டிருப்பாள். வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரே ஒரு பெண் பிறந்தது. பொன்னம்மாள் என்று பெயர். வாயில் வந்தது பொன்னு. பிள்ளை பார்க்கத் தாய் தின்றால் பிள்ளைக்கு ஏக்கம் பிடிக்கும் என்று சொல்லிவைத்துவிட்டு மாமியார் செத்துப்போனாள். அந்தச் சொல்லை இவள் மீறவே இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சட்டியிலேயே தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். துலுக்கானம்கூடப் பெண்டாட்டி சாப்பிட்டுப் பார்த்ததில்லையாம்.

இது தெரியாமல் நான் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவள் அடுப்பங்கரையிலேயே குந்தியிருந்தேன். மறுநாளும் அப்படியே. தண்ணீர் சேந்தும்போது அவள் தள்ளாடிக் கிணற்றுச் சுவரைப் பிடித்த பிறகுதான் புரிந்தது. நான் எதிரில் இருந்ததால் பகல் முழுக்க அவள் பச்சைத் தண்ணீரோடு இருந்திருக்கிறாள்! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அதன் பிறகு சட்டியை நிறுத்து வைத்துவிட்டுத் தெருவில் போய் நிற்பேன்; அவள் கூப்பிட்டதும் வந்து மறுபடி நிறுப்பேன்.

அப்படித்தான் அவள் சாப்பாடு எனக்குத் தெரிந்தது. கேழ்வரகுக் கூழ், அடிச்சட்டியில் மிஞ்சின கீரை. ஏரிக்கரையில் பொன்னாங்கண்ணி பாய் விரித்த மாதிரி கிடக்கும். வயலிலிருந்து வரும்போது மடி நிறையப் பறித்து வருவாள். பொன்னுவுக்கு மட்டும் மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி, தெளிந்த ரசம். கீரையைக் கண்ணில்கூடக் காட்டமாட்டாள்.

“கீர கொயந்தைக்கு ஆவாது நர்சம்மா, வயித்தால பூடும்.”

ஒரு நாள் தராசைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கும் நேரம். தெருவிலிருந்து ஓடி வந்த பொன்னு நேரே உரலில் மோதி விழுந்தாள். “பராக்கு பாத்துகினே வருவா” என்று வேம்புலியம்மாள் தூக்கிக்கொண்டாள். மறுநாள் அதே நேரத்தில் பொன்னு தன் தட்டைத் தரையெல்லாம் துழாவித் தேடினாள். தட்டு அவள் முன்னாலேயே இருந்தது. உடனே டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

டாக்டர் வந்து இமையை விரித்துப் பார்த்தார்.

“மாலைக்கண். கண்ணு காய்ஞ்சிக்கிட்டே போகுதும்மா. இப்படியே விட்டா வெள்ளை விழுந்துடும். அப்புறம் பகல்லயும் தெரியாது.”

வேம்புலியம்மாள் அழவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். டாக்டர் அவள் கண்களையும் பார்த்தார். “உனக்கு நல்லா தெளிவா இருக்கே. நீ என்ன சாப்பிடறே?”

“எதுனா கீறத...” என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்து, “கீரை டாக்டர், ரெண்டு வேளையும் கீரை” என்றேன்.

“அந்தக் கீரைதாம்மா உன் கண்ணைக் காப்பாத்தியிருக்கு” என்றார் டாக்டர். அந்த வீட்டில் மிச்சம் மீதி தின்றவளுக்குக் கண் பளிச்சென்று இருந்தது. இருப்பதிலேயே உசத்தியானதை ஊட்டி வளர்த்த பிள்ளைக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இதில் வஞ்சனை எங்கே இருக்கிறது? அத்தனையும் பாசம். பாசம் இப்படியும் செய்யுமா என்று பயமாகவே இருந்தது.

மீன் எண்ணெய் கொடுத்தோம். பொன்னு குடித்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். கீரையை மசித்துக் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். சோற்று உருண்டைக்குள் ஒளித்து வைத்தால் நாக்காலேயே இலையைப் பிரித்துத் துப்பினாள். வெல்லம் காட்டினாலும் துலுக்கானம் மிரட்டினாலும் அந்த வாய் திறக்கவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை விழுந்துவிடுமோ என்று தினமும் காலையில் நான் போனதும் அவள் கண்ணைத்தான் முதலில் பார்ப்போம்.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. எரிச்சலில் கத்திவிட்டேன்.

“அவ எப்பிடி துன்னுவா? அது துன்ற பொருளுன்னே அவளுக்குத் தெரியாதே! நீ எதையுமே துன்னு அவ பாத்ததில்ல!”

வேம்புலியம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஏன்தான் வாயை விட்டோமோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் உச்சி வெயிலில் நான் போனபோது அவள் வாசலில் வேப்பமர நிழலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பித்தளைத் தட்டு. அதில் கூழும் நல்லெண்ணெய் விட்டுக் கடைந்த பொன்னாங்கண்ணியும். பக்கத்தில் பொன்னு. பிள்ளைக்குத் தட்டு வைக்கவில்லை. தெருவில் போன பெண்கள் நின்றுவிட்டார்கள்.

“புருசன் இன்னும் ஊட்டுக்கே வர்ல, இவ குந்திகினு துன்றத பாரேன்!” என்றாள் எதிர்வீட்டு எல்லம்மா.

வேம்புலியம்மாள் தட்டில் கை வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருவர் கண்ணிலும் படாத காரியம். முதல் வாய் உள்ளே இறங்கவே இல்லை. தண்ணீர் குடித்து இறக்கினாள். பிறகு அடுத்த வாய் எடுத்தாள். பிள்ளையிடம் ‘இந்தா’ என்று ஒரு சொல் சொல்லவில்லை. தானுண்டு தன் தட்டுண்டு என்று தின்றாள். பொன்னு அம்மாவின் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துலுக்கானம் வயலிலிருந்து வந்தான். அவன் முன்கோபக்காரன். நான் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், கூடியிருந்தவர்களைப் பார்த்தான். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

அன்று பொன்னு தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. வேம்புலியம்மாள் விடவில்லை, தினமும் அதே வெயிலில், அதே கேலிக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் துலுக்கானம் தலைத்துண்டில் கட்டிக்கொண்டு வந்த பொன்னாங்கண்ணியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான். அன்றைக்குத்தான் பொன்னுவின் சின்ன விரல் அம்மாவின் தட்டுக்குள் நுழைந்தது. கொஞ்சம் கீரையை வழித்து வாயில் வைத்து, முகம் சுளித்து, விழுங்கினாள். மறுபடி வழித்தாள். எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வேம்புலியம்மாள் மட்டும் தலை நிமிராமல் தின்றுகொண்டே இருந்தாள். நிமிர்ந்தால் பிள்ளை நிறுத்திவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

அதன் பிறகு தாயும் மகளும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். மீன் எண்ணெயையும் அம்மா ஒரு சொட்டு நக்கிக் காட்டிய பிறகு மகள் குடித்தாள்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போன கடைசி நாள். பொழுது சாய்ந்து, இன்னும் விளக்கு ஏற்றாத நேரம். இருவரும் உள்ளே தட்டு வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கே எல்லாம் நிழலாகத்தான் தெரிந்தது. பழைய வழக்கம் லேசில் போகுமா? வேம்புலியம்மாள் கீரை முழுவதையும் பிள்ளைக்குப் போட்டுவிட்டு வெறும் கூழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“யம்மா, உன் தட்டுல கீரயே இல்லியே” என்றாள் பொன்னு.

வேம்புலியம்மாளின் கை அப்படியே நின்றது.

“இந்த இருட்டுல உனுக்கு எப்பிடிடீ தெரிஞ்சிது?”

பொன்னு தன் தட்டிலிருந்து ஒரு பிடி கீரையை எடுத்துத் துழாவாமல் நேரே அம்மாவின் முகத்துக்கு முன் நீட்டினாள். வேம்புலியம்மாள் வாயைத் திறந்தாள்.